துண்டுக்குள் பேசும் விலை

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். தரகர் தம் கைமேல் துண்டைப் போர்த்தி, அதற்குள் மற்றவரின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது.

வேங்கிக்காலில் எங்கள் மதரஸாவுக்குப் பிள்ளையை அனுப்பும் மாட்டுத் தரகர் ஒருவர், மஃரிப் தொழுகைக்குப் பின் என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், விற்பவர் 40,000 போதும் என்கிறார். வாங்குபவர் 45,000 தருகிறார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. தரகுக் கூலி போக, இடையிலுள்ள 5,000 ரூபாயும் எனக்குத்தான். சந்தை வழக்கம் இதுதான். இது ஹலாலா?”

இக்கேள்விக்கு விடை தேட, மதீனாவின் சந்தைக்குச் செல்ல வேண்டும்.

கி.பி. 622இல் பெருமானார் (ஸல்) ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது, அவ்வூரார் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். கையில் இல்லாத பொருளை விற்பதைப் பொதுவாகத் தடுத்த நபியவர்கள், விவசாயிக்குத் தேவையான இவ்வழக்கத்தை ஒழிக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் முன்பே தெளிவாகியிருக்க வேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ‘ஸலம்’ எனும் வியாபார முறை இவ்வாறு நிலைபெற்றது.

கால்நடைச் சந்தையில் வேறொரு வழக்கம் இருந்தது. விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருப்பதாகக் காட்டுவார்கள். இதனை நபியவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர், விரும்பினால் அப்பிராணியை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். அந்த ஈடு எங்கும் பேரீச்சம்பழமாகவே இருக்க வேண்டுமா என்று பிற்கால இமாம்கள் ஆராய்ந்தனர். அந்தந்த ஊரின் முதன்மை உணவைக் கொடுக்கலாம் என்பது மாலிகி அறிஞர்களின் கருத்து. ஈடாகும் பொருள் ஊருக்கு ஊர் மாறலாம். வஞ்சனை எந்த ஊரிலும் வழக்கமாக முடியாது.

தரகுக்கு வருவோம். தரகர் கூலி பெறுவதில் இப்னு ஸீரீன், அதா, ஹஸன் பஸரீ (ரஹ்) போன்ற முன்னோர்கள் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி பதிவு செய்கிறார்கள். உரிமையாளரே, “இத்துணியை விற்றுவா, இன்ன தொகைக்கு மேல் கிடைப்பது உனக்கு” என்று சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஆகும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. ஆயினும், கூலி எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று வேறு பல ஃபிக்ஹு அறிஞர்கள் வலியுறுத்தினர். இரு சாராரின் சொல்லிலும் பொதுவானது ஒன்று: உரிமையாளர் அறிந்தே சம்மதிக்க வேண்டும்.

நம் மாகாணமும் இப்பாடத்தைக் கற்றது. மறைவாக விலை பேசுவதும் காரணமின்றிப் பிடித்தம் செய்வதும் விளைபொருள் சந்தைகளிலும் இருந்தன. 1928இல் வேளாண்மைக்கான அரச ஆணையம், ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது.

தரகரிடம் நான் சொன்னது இதுதான்: “துண்டு போடுவது உங்கள் சந்தையின் மொழி, அதில் குற்றமில்லை. உங்கள் கூலியை இருவரிடமும் முன்பே சொல்லிப் பெறுங்கள். மறைத்த 5,000 ரூபாய் மாட்டுக்காரருடையது.”

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்படிச் செய்தால் வருமானம் பாதியாகிவிடுமே” என்றார்.

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசப்பட்டது. அது அதைவிடப் பெறுமதியானது என்று கண்ட ஜரீர் (ரலி), உரிமையாளரிடம் தாமே விலையை உயர்த்திச் சென்று 800 திர்ஹம் கொடுத்தார்கள் என்று தபரானீ பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்திருந்ததே அதற்குக் காரணம். அந்தச் சந்தையிலும் குறைந்த விலைக்கு வாங்குவதுதான் வழக்கம்.

நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரகத் செய்வானாக. ஆமீன்.