உழவனுக்கும் பெயருண்டு

காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவரைக் காணுங்கள். 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய அக்கோயிலில் பல்லவர் கதை வரிசை வரிசையாகக் கல்லிலே நிற்கிறது. முடிசூட்டு விழா உண்டு, போர்க்களம் உண்டு. அந்த முடிக்கு வரி செலுத்திய உழவன் யார்? அரசனுக்கு ஆடை நெய்த கரம் எவருடையது? சிற்பம் சொல்லவில்லை!

பின்னர் உழைப்பாளியும் ஓவியத்தில் ஏறினான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் கம்பெனி வெள்ளையர்க்கெனத் தஞ்சை ஓவியர்கள் அவனைத் தீட்டினர். கணவனும் மனைவியுமாக நிறுத்தித் தீட்டினர். அப்படங்களுக்கு அடையாளம் எது? சாதியும் தொழிலும்! ஆளின் பெயரை அங்கே தேடுவது வீண். மனிதன் மறைந்தான், சாதியே முகமாயிற்று.

மேலை நாட்டிலும் இந்நிலை இருந்தது. 1869இல் இலண்டனில் தோன்றிய 'கிராஃபிக்' வார ஏடு, 'மக்களின் முகங்கள்' என்ற வரிசையில் பாட்டாளிகளை மரச்செதுக்குப் படங்களாக வெளியிட்டது. முகம் கிடைத்தது, ஆயினும் அது ஒரு தொழிலின் முகமே. அவ்வேட்டின் பழைய தொகுதிகளை 1883இல் விலைக்கு வாங்கிப் போற்றினார் ஒரு டச்சு ஓவியர். வறுமையில் வாடிய அவர்தாம் வின்சென்ட் வான் கோ.

1884இல் நூனென் என்னும் சிற்றூரில் கைத்தறி நெசவாளரைத் தறியோடு தீட்டினார். 1885இல் உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் குடும்பத்தைத் தீட்டினார். 1888 ஆகஸ்டில், பிரான்சின் ஆர்ல் நகரில், முன்னாளில் மாடு மேய்த்து அந்நாளில் தோட்டவேலை செய்த முதியவர் ஒருவரைத் தம்முன் அமர்த்தினார். அந்தப் பழைய செதுக்குப் படங்கள் ஊட்டிய ஆர்வம், வைக்கோல் தொப்பியும் நீல அங்கியுமாக வண்ணத்தில் மலர்ந்தது. மறுமுறை தீட்டியபோது, அறுவடைக்கால வெயிலே பின்னின்று எரிவதுபோலச் செம்மஞ்சள் பூசினார்.

அதனினும் பெரிது ஒன்றுண்டு. தம் தம்பி தியோவுக்கு எழுதிய மடலில், அம்முதியவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்: பாசியான்ஸ் எஸ்காலியே! அரண்மனை அறியாத அந்தப் பெயர், இன்று அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகச் சுவரில் ஓவியத்தோடு வாழ்கிறது.

தோழர்களே, காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06இல். ஊரின் பெயருக்குக் காவல் வந்தது; நல்லதுதான். சேலையை விற்கும் கடைக்கும் பெயருண்டு. பள்ளத்தில் கால் தொங்க அமர்ந்து அதை நெய்தவரின் பெயர் எங்கே?

சாதியைக் கேட்டு ஆளை அறிந்துகொண்டதாக எண்ணுவது பழைய படம். அதைக் கிழித்தெறிவோம். நம் ஊர் மன்றத்தில், படிப்பகத்தில், உழைத்தவரின் படத்தை மாட்டுவோம். அடியில் சாதியை அன்று, அவர் பெயரை எழுதுவோம்!