செசமி: சிதறும் கதிர்களை வாசிக்க ஒரு கூடம்

நமது சமூகத்தில் விஞ்ஞான வரலாறு என்று பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் இப்னுல் ஹைதமோடு நின்றுவிடும். மேடையானாலும் சரி, பாடசாலை மலரானாலும் சரி, 11ஆம் நூற்றாண்டைத் தாண்டுவது அரிது. நான் தமிழ் படிப்பிப்பவன். பௌதிகவியல் என் துறையல்ல. ஆனாலும் என் வகுப்பு மாணவி ஒருத்தி, “அதுக்குப் பிறகு நம்மட ஆக்கள் ஒண்டும் செய்யல்லியா சேர்?” என்று கேட்டபோது பதில் தேடும் கடமை எனக்கும் வந்தது. அப்படித் தேடும்போது அறிந்ததுதான் ஜோர்தானில் உள்ள செசமி ஆய்வுகூடத்தின் வரலாறு. அதை விளங்கிக்கொள்ள எக்ஸ் கதிர்ச் சிதறல் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1895இல் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அது அலையா, துகளா என்ற தர்க்கம் பல வருடம் நீடித்தது. 1912இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில், லௌவே என்பவரின் யோசனைப்படி ஃபிரீட்ரிச், நிப்பிங் இருவரும் செப்புச் சல்பேற்றுப் பளிங்கு ஒன்றினூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தினர். பின்னால் வைத்திருந்த ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் விழுந்தன. பளிங்கின் அணுக்கள் கதிரைச் சிதறடித்திருந்தன. சிதறிய அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று பலப்படுத்தின. மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

வரிசையாக நட்ட தென்னந்தோட்டத்தின் ஓரமாக நடந்து பாருங்கள். சில கோணங்களில் மட்டும் மரங்கள் நேர்வரிசையாகத் தெரியும். பளிங்குக்குள் அணுக்களும் அப்படித்தான் தளந்தளமாக நிற்கின்றன. கதிர் எந்தக் கோணத்தில் பலமாக வெளிவருகிறது என்று அளந்தால் தளங்களுக்கிடையிலான தூரத்தைக் கணக்கிடலாம். அந்தக் கணக்கைச் சொன்னவர் 22 வயது லோரன்ஸ் பிராக். தகப்பன் வில்லியம் பிராக்கோடு சேர்ந்து அவர் 1915இல் நோபல் பரிசு பெற்றார். நாம் சோற்றில் போடும் உப்பில் ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின் சூழ்ந்திருக்கிறது என்று காட்டியதும் இந்த முறைதான். 1916இல் டெபாய், ஷெரர் இருவரும் முழுப் பளிங்கு தேவையில்லை, அரைத்த தூளே போதும் என்று நிறுவினர். அதன் பிறகு மருந்து, சீமெந்து, களிமண், பழைய மட்பாண்டம் என்று எத்தனையோ பொருட்களின் உள்ளமைப்பை இப்படி வாசிக்க முடிந்தது.

ஆனால் நுட்பமாக வாசிக்கக் கதிர் மிகப் பிரகாசமாக இருக்க வேண்டும். வேகமாக ஓடும் இலத்திரன்களைக் காந்தங்களால் வளைத்தால் அவை அத்தகைய ஒளியை உமிழும். இதற்கான பெரிய வளையங்களைச் சிங்க்ரோட்ரோன் என்பர். செலவு மிகுந்த சமாச்சாரம். மத்திய கிழக்கில் ஒன்று வேண்டும் என்று நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தானிய பௌதிகவியலாளர் அப்துஸ் ஸலாம் முன்பே குரல் கொடுத்தார். 1997இல் ஒரு வாய்ப்பு வந்தது. பெர்லினில் கழற்றப்படவிருந்த பெஸ்ஸி-1 என்ற வளையத்தை அப்பிராந்தியத்துக்குக் கொடுக்கலாம் என்று ஹேர்மன் வினிக், குஸ்தாவ் அடொல்ஃப் வொஸ் ஆகியோர் யோசனை கூறினர். யுனெஸ்கோவின் ஆதரவில் திட்டம் உருவானது. அம்மானுக்கு அண்மையிலுள்ள அல்லான் இடமாகத் தெரிவானது. பின்னர் 2.5 கிகா இலத்திரன் வோல்ற்று சக்தியில் புதிய பிரதான வளையம் கட்டவே தீர்மானித்தார்கள். பெர்லினில் இருந்து வந்த இயந்திரம் அதற்கு இலத்திரன் ஊட்டும் பாகமாயிற்று.

பாதை சுலபமாக இருக்கவில்லை. பணம் போதவில்லை. செசமி பணிகளில் தொடர்பிருந்த ஈரானிய பௌதிகவியலாளர்களான மசூத் அலிமுஹம்மதியும் மஜீத் ஷஹ்ரியாரியும் 2010இல் தெஹ்ரானில் குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்டனர். 2013 டிசம்பரில் பனி குவிந்து கட்டடத்தின் கூரையே இடிந்து விழுந்தது. அப்படியும் 2017 மே 16இல் கூடம் திறக்கப்பட்டது. அன்றைய அங்கத்துவ நாடுகள் எகிப்து, ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், பாகிஸ்தான், பலஸ்தீன், சைப்பிரஸ், துருக்கி. வேறெந்த மேசையிலும் ஒன்றாக உட்காராத நாடுகள் இதில் உண்டு. இந்த உறவு அரசியல் அநீதி எதையும் தீர்த்துவிடவில்லை. தீர்த்ததாகச் சொன்னால் அது பொய். ஆனால் அம்மானிலோ கெய்ரோவிலோ படிக்கும் ஒரு பிள்ளை தன் தூள் மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டு போகாமலே சோதிக்க வழி பிறந்தது. மின்சாரச் செலவு தாங்காமல் 2019இல் சூரிய மின்நிலையம் ஒன்றும் அமைத்தார்கள். தன் மின்தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்க சக்தியால் ஈடுசெய்த முதலாவது ஆர்முடுக்கி என்ற பெயர் அதனால் வந்தது.

“நம்மட ஆக்கள்” தனியாகக் கட்டியதல்ல செசமி. ஜேர்மனியின் பழைய இயந்திரம், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி, சேர்ன் நிறுவனத்தின் உதவி எல்லாம் அதில் உண்டு. இப்னுல் ஹைதமும் கிரேக்கரின் நூல்களைப் படித்து, அவற்றைத் திருத்தித்தான் முன்னே போனார். அடுத்த முறை அவரைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி அல்லானைப் பற்றியும் சொல்லுங்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுக்க யோசிக்கும் பிள்ளைக்கு, இன்று போய்ப் படிக்கக்கூடிய ஓர் இடத்தின் பெயர் தெரிந்திருக்கட்டும்.