இரவல் மெட்டில் ஒரு சொந்தக் குரல்

நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் துறையில் நின்றிருந்தேன். தெற்கிலிருந்து வந்த யாத்திரிகர் பேருந்திலிருந்து புத்தரைப் போற்றும் பழைய சிங்களப் பாடலொன்று எழுந்தது. "பாடுறவர் முகைதீன் பேக்" என்றேன். உடனிருந்த ஆசிரியர் சிரித்தார்: "ஹிந்திப் பாட்டைக் கொப்பி அடிச்சவர்தானே, சேர்."

இந்தத் தீர்ப்பு புதிதல்ல, ஆனால் மறுபரிசீலனைக்குரியது.

1919இல் சேலத்தில் பிறந்த பேக், இளவயதில் இலங்கை வந்தவர். 1947இல் முகமது கௌஸ் இசையமைத்த 'அசோகமாலா'வில் பாடினார். அன்றைய சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் உருவாயின. ஹிந்திப் படங்களில் தோய்ந்த ரசிகர்களுக்கு, ஏற்கெனவே வெற்றி கண்ட மெட்டையே தயாரிப்பாளர்கள் நம்பினர். எனவே பேக்கின் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இரவல் மெட்டுகளே. விமர்சகர்கள் அவற்றை வெறும் நகலென ஒதுக்கினர்.

அவர்களது கோபத்தில் நியாயமுண்டு. சுனில் சாந்த போன்றோரின் பிடிவாதம் இல்லையேல், 1956இல் வந்த 'ரேகாவ'வின் சொந்த இசை பிறந்திராது. ஆயினும் 1952இல் பாடகர்களைத் தரம்பிரிக்க இலங்கை வானொலி அழைத்தது இந்தியாவின் ரத்தன்ஜங்கரை. அளவுகோலே இரவலாயிருந்தது! சுனில் சாந்த அத்தேர்வுக்குச் செல்ல மறுத்தார். அவர் கொள்கையில் முரணில்லை. சொந்த இசையின் சின்னமாகப் பின்னாளில் போற்றப்பட்ட அமரதேவவோ, 'அசோகமாலா'வில் கௌஸ் மாஸ்டரிடம் வயலின் வாசித்தவர். நகல் எனப்பட்ட கூடத்திலிருந்தே அசலும் புறப்பட்டிருக்கிறது.

நம் முன்னோர் அச்சிட்ட இஸ்லாமியப் பாடல் நூல்களைப் புரட்டுங்கள். பல பாடல்களின் தலைப்பில் 'வர்ணமெட்டு' எனத் தெரிந்த மெட்டின் பெயரைக் காண்பீர்கள். நாகூர் ஹனீபாவும் ஹிந்தி மெட்டுகளில் பாடியிருக்கிறார். அங்கே நாம் குரலைக் கேட்கிறோம். மெட்டின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை. பேக்கிடம் மட்டும் ஏன்?

சிங்களம் அவரது தாய்மொழியன்று. அப்பாடல்களின் சமயமும் அவருடையதன்று. ஆயினும் அச்சொற்களை அவர் உச்சரித்த கண்ணியம் எந்த ஹிந்தி இசைத்தட்டிலும் இல்லாதது. அது இரவலல்ல. 1991இல் அவர் மறைந்தார். வெசாக் பந்தல்களில் அக்குரல் மறையவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். புத்தளத்தில் அணிந்ததெல்லாம் பிறர் தந்த சட்டைகள். சட்டை இரவல், அதற்குள் வளர்ந்தவன் நான்தான்.

படகு புறப்பட்டது. நண்பர் கேட்டார்: "அந்தப் பாட்டு முழுசா எங்க கிடைக்கும், சேர்?"