தூரிகை மோட்டர்: பழையதும் புதியதும்

கரம்பொன்னிலே, வானொலி அலையால் இயங்கும் விளையாட்டுக் காரொன்றின் மோட்டர் நின்றுபோயிற்று. அண்மையில் வாங்கிய கார் அது. “பழைய மோட்டரென்றால் திருத்தலாம், இக்காலத்தன எறிவதற்கே உரியன” என்றார் அங்கிருந்த முதியவர். அக்கூற்று வரலாற்றோடு முற்றிலும் பொருந்துவதன்று.

1832இல் வில்லியம் ஸ்ரேர்ஜன் திசைமாற்றி பொருந்திய மோட்டரை அமைத்தார். தொடக்க காலத்தில், சுழலும் செம்பின்மீது உலோகத் தூரிகைகளே உராய்ந்தன. பொறி பறந்தது, செம்பு தேய்ந்தது. 1885இல் ஜோர்ஜ் போர்ப்ஸ் காபன் தூரிகைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் தேய்வு பெரிதும் காபனைச் சார்ந்தது. காபனை மாற்றுவதோ எளிது.

ஆயின் விளையாட்டுக் காருக்கு அவ்வசதி முதலிற் கிட்டவில்லை. யப்பானிய தமியா நிறுவனம் 1976இல் வெளியிட்ட தனது முதலாவது வானொலிக் காரான போர்ஷே 934இல், மபுச்சியின் 540 வகை மோட்டர் இருந்தது. ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் விட்டமுடைய அதன் உலோகக்கூடு விளிம்பு மடித்து மூடப்பட்டது. எறியும் வழக்கம் அன்றே உண்டு!

மோட்டரைத் திறக்க விரும்பியோர் பந்தயக்காரரே. அவர்களுக்கென வந்த மோட்டர்களிலே தூரிகையையும் வில்லையும் மாற்றலாம். திசைமாற்றியைக் கடைசலிட்டுச் செப்பமாக்கலாம். தூரிகைகளின் கோணத்தைச் சிறிது நகர்த்தி வேகத்தைக் கூட்டலாம். 2000ஆம் ஆண்டுகளில் தூரிகையற்ற மோட்டர் பந்தயத்திற் புகுந்ததும் இவை அருகின. மலிவான கார்களிலே மூடிய 540 இன்றும் நிலைத்துள்ளது.

கரம்பொன் மோட்டரின் மடிப்பை நெம்பித் திறந்தோம். உப்புக்காற்றுப்பட்டும் செம்பு பழுதின்றியே இருந்தது. காபன் மட்டுமே தேய்ந்திருந்தது. அதை மாற்றுதற்கு இடமில்லை.