செங்கற்சுவரில் கான்கிரீட் கட்டுத்தூண்

செங்கற்சுவரின் மூலைகளிலும் சந்திப்புகளிலும், நீளம் அதிகமானால் இடையிலும் வார்க்கப்படும் கம்பியிட்ட கான்கிரீட் உறுப்பு கட்டுத்தூண் எனப்படும். பெரும்பாலும் சுவரின் தடிப்புக்குள் அடங்கிவிடும் இது, அடியிலும் கூரை மட்டத்திலும் ஓடும் கிடைமட்டக் கான்கிரீட் பெல்ட்டுகளோடு சேர்ந்து சுவரை நாற்புறமும் பிடித்துக்கொள்கிறது. செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. காற்றோ நிலநடுக்கமோ தள்ளும்போது விரிசல் விட்ட சுவர் சிதறாமல் நிற்பது இந்தப் பிடிப்பால்தான்.

1908 மெஸ்ஸினா நிலநடுக்கத்துக்குப் பின் இத்தாலியில் இம்முறை கையாளப்பட்டது. சிலியில் 1930களில் பரவி, 1939 சில்லான் நிலநடுக்கத்தில் தன் வலுவைக் காட்டியது. இந்தியாவில் காந்திநகர் ஐஐடி வளாகத்தின் விடுதிகளும் குடியிருப்புகளும் இவ்வாறு கட்டப்பட்டவை.

வேலையின் வரிசையே இங்கு உயிர்நாடி. சட்டகக் கட்டடத்தில் பில்லர் முதலில், சுவர் பிறகு. இங்கே சுவரின் விளிம்பைப் பல்பல்லாக விட்டுக் கட்டி, அதன்பின் இடைவெளியில் கான்கிரீட் ஊற்ற வேண்டும். கலவை பற்களுக்குள் இறங்கி இறுகுவதால் சுவரும் தூணும் ஒன்றாக இயங்கும். தூணை முந்தி வார்த்துவிட்டால் இந்தப் பிணைப்பு கிடைக்காது.

ஒரு கணக்கு: 3 மீட்டர் உயரம், தூண்களுக்கிடையே 4 மீட்டர் இடைவெளி, சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் காற்றழுத்தம் என்றால், தூணின் மீது மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் விழும். மேலும் கீழும் பெல்ட் பிடித்திருந்தால் வளைதிருப்பம் 4.5 கிலோநியூட்டன் மீட்டர், 1.5 பாதுகாப்புக் காரணியோடு 6.75. ஒன்பது அங்குலச் சுவருக்குள் நான்கு 10 மி.மீ. கம்பிகள் கொண்ட தூண் சுமார் 10 வரை தாங்கும். அதே உயரத்தில், மேலே பிடிப்பே இல்லாத காம்பவுண்ட் சுவருக்குத் திருப்பம் நான்கு மடங்கு, அதாவது 18, காரணியோடு 27. அந்தத் தூண் அங்கே முறியும். கூரை மட்ட பெல்ட்டைச் சிக்கனம் கருதி விடுவது எவ்வளவு தவறு என்பதை இந்த எண்களே சொல்லும்.

தூணின் அளவைவிட மூட்டின் நேர்த்தியே பெரிது. தூண் கம்பி பெல்ட்டுக்குள் மடங்கி நங்கூரமாக வேண்டும். மூலையில் பெல்ட்டின் கம்பியும் திரும்பி அடுத்த சுவருக்குள் ஓட வேண்டும். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 135 பாகை மடிந்து உட்புறக் கான்கிரீட்டுக்குள் நுழைய வேண்டும். 90 பாகையோடு விட்டால், கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட்டான கவர் உதிர்ந்ததும் ரிங் விரிந்து கம்பி பிதுங்கிவிடும். ஆகவே, சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் மேற்பார்வையாளர் நேரில் பார்த்தாக வேண்டும்.