அருமையாக்கும் வினைச்சொல்
'எண்டியர்' என்னும் ஆங்கில வினைச்சொல், ஒருவரின் பண்போ பணியோ அவரைப் பிறர் அன்புக்கு உரியவராக்குவதைக் குறிக்கும். 'வூ' என்பது வேறு. அது ஆதரவை நாடும் முயற்சி, பலிக்காமலும் போகலாம். தேர்தல்தோறும் டெல்டா உழவர்களைக் கட்சிகள் நாடுவது இவ்வகை.

'எண்டியர்' என்பதன் வேரான 'டியர்', அன்புக்குரியதையும் விலை மிகுந்ததையும் குறிக்கும். தமிழில் 'அருமை'யும் கிடைத்தற்கரியதையும் போற்றத்தக்கதையும் ஒருங்கே சுட்டும்.

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய ஜெயராமன், அருகிவந்த 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்தார். உழவருக்கு 2 கிலோ விதை தந்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெற்றுப் பிறருக்கு வழங்கினார். அப்பணியே அவரை மக்களுக்கு அருமையாக்கியது. 2018இல் மறைந்த அவரை இன்றும் 'நெல்' ஜெயராமன் என்றே அழைக்கிறோம். நாடிப் பெறும் ஆதரவு தேர்தலோடு முடியலாம். இந்த அடைமொழி முடியவில்லை.