இதய சி.ரி. ஸ்கான்: படத் தெளிவும் கதிர்வீச்சு அளவும்

இதயத்தின் முடியுரு நாடிகளில் அடைப்பு உள்ளதா என அறிய எடுக்கப்படுவது இதய சி.ரி. ஸ்கான். இதில் எக்ஸ் கதிர் பயன்படுகிறது. கதிரின் அளவை அதிகம் குறைத்தால் படம் புள்ளி புள்ளியாகி, அடைப்புத் தெரியாமல் போகலாம். தேவைக்கு மேல் கொடுத்தால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்து சிறிதளவு கூடும்.

2017இல் 32 நாடுகளின் 61 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வில், 2007ஐ விடக் கதிர்வீச்சு அளவு 78 சதவீதம் குறைந்திருந்தது. பயன்படாத படங்களின் வீதம் கூடவில்லை.

இதற்கு முக்கிய வழி நாடித்துடிப்பைக் குறைப்பது. துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவில் சீராக இருந்தால், இதயம் தளர்ந்திருக்கும் கணத்தில் மட்டும் கதிரைச் செலுத்தலாம். அதற்காகவே முன்கூட்டி மாத்திரை தருகிறார்கள். கோப்பி, தேநீர் வேண்டாம் என்கிறார்கள். மெலிந்தவர்களுக்குக் குழாயின் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம்.

உடலில் எறிகணைச் சன்னம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புச் சன்னத்தை அசைக்கக்கூடும். சி.ரி.யில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் நெஞ்சில் சன்னம் இருந்தால் படத்தில் கீற்றுகள் விழும். கதிரைக் கூட்டுவதால் மட்டும் அவை மறையா. பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு செல்லுங்கள். சன்னம் நாடிகளுக்கு அருகில் இருந்தால், வேறு பரிசோதனை பொருந்துமா என வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பம், சிறுநீரக நோய், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை இருந்தாலும் முன்னரே சொல்லுங்கள்.

வைத்தியர் தேவையெனச் சொன்ன ஸ்கானைக் கதிர்வீச்சுக்குப் பயந்து தவிர்க்க வேண்டாம். அடைப்பைக் கண்டறியாமல் விடுவதே பெரிய ஆபத்து.